எந்தக் கப்பலில் வந்தோம்? மொரீசியஸ் தமிழ்க் குடும்பம் தன் வேரைத் தேடும் முறை

மொரீசியஸில் பூர்வகுடிகள் என்று எவரும் இல்லை. 1598-ஆம் ஆண்டில் டச்சுக் கப்பல்கள் தென்கிழக்குக் கரையில் நங்கூரமிட்டபோது இத்தீவில் டோடோப் பறவையும் ஆமையும் கருங்காலி மரமும் இருந்தன, மனிதர் இல்லை. ஆகவே இன்று இங்கே வாழும் பன்னிரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரில், அண்மையில் விமானத்தில் வந்திறங்கியவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் குறைந்தது ஒரு கப்பல் உண்டு. அது எந்தக் கப்பல், எந்த ஆண்டு, வந்தவர் விரும்பி ஏறினாரா, விலங்கோடு ஏற்றப்பட்டாரா, ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து ஏறினாரா என்பதைக் கண்டறிவதே வேர் தேடுதல்.

நம் தமிழ்க் குடும்பங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டால், "கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தத்தில் வந்தோம்" என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். பலருக்கு அது சரியான விடை, எல்லோருக்கும் அல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கைவினைஞர், அதே காலத்து அடிமைகள், பிரித்தானியப் படையோடு வந்தவர், ஒப்பந்தக் கூலிகள், சொந்தச் செலவில் வந்த வணிகர் எனத் தமிழர் இத்தீவுக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளில் வெவ்வேறு நிலைகளில் வந்திருக்கின்றனர். ஒரே குடும்பத்துக்குள் இவற்றில் இரண்டு மூன்று கலந்திருப்பதும் உண்டு. அவற்றைப் பிரித்தறியும் வழியைத்தான் இங்கே விளக்குகிறேன்.

முதலில் பணத்தாள்களைப் பாருங்கள்

தேடலைத் தொடங்குமுன் பணப்பையில் உள்ள தாள்களை மேசைமேல் வரிசையாக வையுங்கள். 25 ரூபாயில் சீன வழிவந்த ஆ-சுவென், 50-இல் பிரெஞ்சு வழிவந்த பத்துரோ, 100-இல் தமிழரான ரங்கநாதன் சீனிவாசன், 200-இல் முஸ்லிம் தலைவர் அப்துல் ரசாக் முகமது, 500-இல் வட இந்திய வழிவந்த சுக்தேவ் பிசுந்தயால், 1000-இல் கிரியோல் (பெரும்பாலும் அடிமைகளின் வழிவந்த மக்கள்) தலைவர் கயத்தான் துவால், 2000-இல் வட இந்திய வழிவந்த முதல் பிரதமர் சிவசாகர் ராம்கூலம் என நாட்டின் மக்கள்தொகை அமைப்பே கையில் கிடைக்கிறது. மதிப்பை எழுதியிருக்கும் வரிகளில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழ் இருப்பதையும் கவனியுங்கள். 1998-இல் வெளியிட்ட தாள்களில் தமிழ் வரி இந்திக்குக் கீழே இறங்கியபோது தமிழர்கள் கடுமையாக எதிர்த்தனர். அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டு, தமிழ் பழைய இடத்துக்கு வந்தது. இந்தியாவிலிருந்து முதலில் வந்தவர்கள் நாங்கள் என்னும் நினைவு அந்தக் கோபத்துக்குள் இருந்தது.

ஆனால் தாள்களிலிருந்து ஓர் எச்சரிக்கையையும் எடுத்துக்கொள்ள வேண்டும். அவை காட்டுவது இருபதாம் நூற்றாண்டில் உறுதிப்பட்ட சமூகப் பிரிவுகளை மட்டுமே. இன்றைய பிரிவின் பெயரை அப்படியே பின்னோக்கி இழுத்துச் சென்று, ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு கப்பலில் மொத்தமாக வந்திறங்கியதாக எண்ணிக்கொள்பவர்கள்தாம் பாதி வழியில் தேடலைத் தொலைக்கிறார்கள்.

கையில் இருக்க வேண்டிய காலக்கணக்கு

டச்சுக்காரர் 1638 முதல் 1658 வரையும், மீண்டும் 1664 முதல் 1710 வரையும் இங்கே இருந்தனர். கரும்பையும் ஜாவா மானையும் கொண்டுவந்தனர், மடகாஸ்கரிலிருந்து அடிமைகளைப் பிடித்துவந்தனர், பிறகு எல்லாவற்றையும் விட்டுப் போயினர். பீட்டர் போத் மலை, ஃப்ளாக் வட்டாரம் போன்ற பெயர்கள் எஞ்சின. உங்கள் தேடலில் அவர்களுக்கு வேலை இல்லை.

பிரெஞ்சுக்காரர் 1715-இல் தீவைத் தமதாக்கி, 1721 முதல் குடியேறத் தொடங்கினர். 1735-இல் ஆளுநராக வந்த மஹே தெ லா பூர்தொனே போர்ட் லூயியைத் துறைமுக நகராகக் கட்டியெழுப்பினார். அதற்கு வேண்டிய கல்தச்சர், மரத்தச்சர், கொல்லர் முதலியோர் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து வரவழைக்கப்பட்டனர். இவர்கள் சுதந்திர மனிதர்கள்; நகரின் கிழக்குப் புறத்தில் இவர்கள் குடியிருந்த இடமே 'மலபார் முகாம்' எனப் பெயர் பெற்றது (மலபார் என்று அன்று அழைத்தது தமிழரை). அதே காலத்தில் மடகாஸ்கர், மொசாம்பிக், கிழக்கு ஆப்பிரிக்கக் கரை ஆகியவற்றிலிருந்து பல்லாயிரம் பேரும், இந்தியாவிலிருந்து அவர்களைவிடக் குறைந்த தொகையினரும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டனர். பிரெஞ்சு ஆட்சியின் இறுதியில் மக்களில் ஆறில் ஐந்து பங்கினர் அடிமைகளாக இருந்தனர் என்பதை மறவாதீர்கள். இந்நாட்டின் கிரியோல் மொழி அந்த ஐந்து பங்கினரின் வாயில் உருவான மொழி.

1810 டிசம்பரில் தீவு பிரித்தானியர் வசமாயிற்று. படையெடுத்து வந்தவர்களில் சென்னை, வங்காளச் சிப்பாய்களும் இருந்தனர். 1815 முதல் வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் கைதிகள் சாலை போட அனுப்பப்பட்டனர். 1836-இல் இங்கே வந்த சார்லஸ் டார்வின் அவர்களைக் கண்டு எழுதியிருக்கிறார். 1835 பிப்ரவரி 1 அன்று அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 'தொழில் பயில்பவர்' என்ற பெயரில் கட்டாய வேலை 1839 வரை நீடித்தது. ஏறத்தாழ அறுபத்தாறாயிரம் அடிமைகளுக்காக உடைமையாளர்களுக்கு இருபது லட்சம் பவுனுக்கும் மேல் ஈட்டுத்தொகை கிடைத்தது. விடுதலை பெற்றவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதற்குள்ளாகவே, 1834 நவம்பர் 2 அன்று, கல்கத்தாவிலிருந்து அட்லஸ் என்னும் கப்பலில் 36 ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிவிட்டனர்.

அதன்பின் 1910 வரை ஏறத்தாழ நாலரை லட்சம் இந்தியர் வந்தனர். மூன்றில் ஒரு பங்கினர் திரும்பிச் சென்றனர். ஆண்டுதோறும் ஒரே சீராக வந்ததாக எண்ண வேண்டாம். 1839-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடை செய்தது. தடை நீங்கிய பின் 1843-இல் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரும், 1859-இல் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரும் இறங்கினர். 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தீவின் மக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்தியர். நாற்பது ஆண்டுக்குள் ஒரு நாட்டின் முகம் இவ்வளவு மாறியது உலக வரலாற்றிலேயே அரிது. சீனரும் குஜராத்தி வணிகரும் தனித்தனியாகக் கடை வைக்க வந்தனர். தொகையில் சிறியவர்கள், ஆனால் கிராமத்துக்குக் கிராமம் பரவியவர்கள்.

வீட்டிலிருந்து தொடங்குங்கள்

ஆவணக் காப்பகத்துக்கு உடனே ஓடாதீர்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் திருமணச் சான்றிதழ், பாட்டன் பாட்டியின் சான்றிதழ்கள் என ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். குடிநிலைப் பதிவு அலுவலகத்தில் பெறும் பழைய திருமண, இறப்புச் சான்றிதழ்களில், ஒப்பந்தத்தில் வந்தவரின் பெயருக்கு அருகே ஓர் எண் இருக்கும். வந்திறங்கிய ஒவ்வொரு கூலிக்கும் கொடுக்கப்பட்ட குடிவரவு எண் அது. பெயரைவிட அந்த எண் பெறுமதியுடையது. ஏனெனில் ராமசாமிகள் ஆயிரக்கணக்கில் வந்தனர். எண் ஒருவருக்கு ஒன்றுதான்.

குடும்பப் பெயரை நம்புவதில் கவனம் வேண்டும். நம் முன்னோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தன் பெயரும் தகப்பன் பெயரும்தான். பதிவு செய்த எழுத்தர், தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக்கி, தம் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்துமுறையில் எழுதினார். இன்று 'கர்ப்பென்' என்று ஒலிக்கும் பெயர் கறுப்பன், 'கூப்பென்' குப்பன், 'ஆர்னாசெல்லம்' அருணாசலம், 'சினாத்தம்பு' சின்னத்தம்பி. உடன்பிறந்த இருவர் வெவ்வேறு எழுத்தரிடம் பதிந்ததால் அவர்களின் வழியினர் இரு வேறு குடும்பப் பெயர்களில் வாழ்வதும் உண்டு. எனவே பெயரைத் தேடும்போது வாயால் உரக்கச் சொல்லிப் பாருங்கள். கண்ணுக்கு வேறாகத் தெரிவது காதுக்கு ஒன்றாகப் படும்.

எண்ணைப் படிப்பதிலும் ஆபத்து உண்டு. பிரெஞ்சுக் கையெழுத்தில் ஒன்று என்னும் இலக்கத்துக்கு நீண்ட முன்கோடு இருக்கும். நமக்கு அது ஏழாகத் தெரியும். ஏழுக்கு நடுவில் குறுக்குக்கோடு போடுவார்கள். இது தெரியாமல் நான் என் பூட்டனின் எண்ணில் ஒன்றை ஏழு என்று எழுதிக்கொண்டு போய், பீகாரின் ஆரா பகுதியிலிருந்து வந்த ஒருவரை இரண்டு வாரம் பூட்டனாக வைத்திருந்தேன். அத்தையிடம் சொன்னபோது, "அப்படியானால் நாம் இத்தனை காலம் கோவிலில் பாடியது யாருடைய தேவாரம்?" என்று கேட்டுச் சிரித்தார்.

எண்ணோடு மோக்காவுக்கு

மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இந்தியக் குடிவரவு ஆவணங்கள் பாதுகாக்கப்படுகின்றன. எண்ணையும், உங்களுக்கும் அந்த முன்னோருக்கும் உள்ள உறவை நிறுவும் சான்றிதழ்களையும் தலைமுறை வரிசைப்படி அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். பதிவேட்டில் பெயர், தகப்பன் அல்லது தாயின் பெயர், வயது, உயரம், சாதி, மாவட்டம், ஊர், கப்பல், வந்த நாள், அனுப்பப்பட்ட தோட்டம் ஆகியவை இருக்கக்கூடும். 1860-களின் நடுப்பகுதியிலிருந்து ஒளிப்படம் எடுக்கும் வழக்கமும் வந்தது. நல்வாய்ப்பு இருந்தால் முகத்தையே பார்க்கலாம். திரும்பும் வழியில் போர்ட் லூயியில் 'ஆப்பிரவாசி காட்' என்னும் பழைய குடிவரவு இறங்குதுறைக்குச் செல்லுங்கள். 1849 முதல் கூலிகள் ஏறிவந்த பதினாறு கற்படிகள் அங்கே இருக்கின்றன. 2006-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

பதிவை வாசிக்கும்போது நான்கு இடங்களில் பலரும் தவறுகின்றனர். முதலாவது, துறைமுகம். சென்னையில் ஏறியவர் எல்லோரும் தமிழர் அல்லர். அன்றைய சென்னை மாகாணம் விசாகப்பட்டினம் வரை நீண்டிருந்தது. தெலுங்கு பேசுவோரும் அங்கிருந்தே வந்தனர். ஆங்கில ஏடுகளில் 'ஜெண்டு' என்ற சொல்லைக் கண்டால் அது பெரும்பாலும் தெலுங்கரைக் குறிக்கும். 'மலபார்' என்றிருந்தால் கேரளத்தைத் தேடிப் போகாதீர்கள். பிரெஞ்சுக்காரரும் அன்றைய ஆங்கிலேயரும் தமிழரைத்தான் அப்படி அழைத்தனர்.

இரண்டாவது, மாவட்டம். பதிவேட்டில் உள்ள தென்னார்க்காடு இன்று கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி எனப் பிரிந்திருக்கிறது. தஞ்சாவூர் என்றிருந்தால் அது திருவாரூராகவோ நாகப்பட்டினமாகவோ மயிலாடுதுறையாகவோ இருக்கலாம். சேலத்துக்குள் நாமக்கல்லும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடக்கம். ஊர்ப்பெயர் சிதைந்திருந்தால் பழைய மாவட்ட எல்லைக்குள் மட்டும் தேடுங்கள். தமிழ்நாடு முழுவதும் தேடினால் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு புத்தூர் கிடைக்கும்.

மூன்றாவது, சாதி. அது ஆள்சேர்ப்பவர் சொன்னதாகவோ, எழுத்தர் எளிமையாக்கியதாகவோ, கடல் கடக்கும் மனிதர் தாமே மாற்றிச் சொன்னதாகவோ இருக்கலாம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பரம்பரைப் பெருமை பேசுவோரைக் கோவில் கூட்டங்களில் நிறையவே பார்க்கிறேன். பதிவேடு அவ்வளவு பாரத்தைத் தாங்காது.

நான்காவது, வருகை நாள். ஊருக்குத் திரும்பி மீண்டும் வந்தவர்கள் இருந்தனர். ஆகவே நீங்கள் காணும் வருகை முதல் வருகையாக இல்லாமலும் இருக்கலாம்.

எண்ணே கிடைக்காவிட்டால்

பெரும்பாலோர் இங்கேதான் தளர்ந்துவிடுகின்றனர். உண்மையில் தேடல் சுவையாவது இங்கிருந்துதான். பல தலைமுறை பின்னோக்கிச் சென்றும் குடிவரவு எண் இல்லை, ஆனால் 1830-களுக்கு முன்பே குடும்பம் தீவில் இருந்ததற்கான அடையாளம் தெரிகிறது என்றால், பிரெஞ்சுக் காலத்துக்குள் நுழையுங்கள். அன்று பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் கத்தோலிக்கப் பங்குக் கோவில்களின் பதிவேடுகளில் இருந்தன. போர்ட் லூயி, பாம்ப்ளமூஸ் பங்குகளின் ஏடுகள் முக்கியமானவை. 1776-ஆம் ஆண்டு அரச ஆணைப்படி குடியேற்ற நாடுகளின் பதிவேடுகளுக்கு ஒரு படி பிரான்சுக்கு அனுப்பப்பட்டது; அவை இப்போது எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இங்குள்ள ஏடு பூச்சியரித்திருந்தால் அங்கே தேடலாம்.

அந்த ஏடுகளில் நம்மவரை அறிவது கடினம். திருமுழுக்குப் பெற்றவுடன் முத்துவும் செல்லியும் பியேராகவும் மரியாகவும் மாறிவிடுகின்றனர். பெயருக்குப் பின்னே வரும் 'மலபார்', 'இந்தியர்', 'சுதந்திரர்' போன்ற குறிப்புகளைத் தவறவிடாதீர்கள். வீடோ நிலமோ வாங்கியவராயின் நொத்தாரிசுப் பத்திரங்களிலும் பெயர் இருக்கும். கைவினைஞர் குடும்பங்கள் பல மனை வாங்கியவை.

அடிமையாக வந்தவரைத் தேட வேறு வழி. 1810-களின் நடுவிலிருந்து 1835 வரை அடிமைகளைப் பதிவு செய்யும் ஏடுகள் எழுதப்பட்டன; அவற்றின் படிகள் லண்டனுக்கு அருகே கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. உடைமையாளர் பெயரின்கீழ் அடிமையின் பெயர், வயது, உயரம், பிறந்த இடம் ஆகியவை வரும். பிறந்த இடம் 'மொசாம்பிக்', 'மலகாசி' (மடகாஸ்கர்), 'கிரியோல்' (இங்கு, தீவிலேயே பிறந்தவர்), 'இந்தியா' என்று சுருக்கமாக இருக்கும். முதலில் உடைமையாளரைக் கண்டால்தான் முன்னோரைக் காண முடியும் என்பது கசப்பான உண்மை. தம் குடும்பத்தில் அடிமை இருந்ததில்லை என்று தமிழ்க் குடும்பங்கள் எளிதாகச் சொல்லிவிடுகின்றன. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஏற்றப்பட்டவர்களின் வழியினர் எங்கோ இருந்துதானே ஆக வேண்டும்?

தாய்வழியை விடாதீர்கள்

1830-களில் வந்த இந்தியரில் பெண்கள் மிகச் சிலரே. பின்னர்தான் நூறு ஆணுக்கு இத்தனை பெண் என்று விதி வகுத்தனர். ஆகவே தொடக்கக் காலத்தில் வந்த ஆணின் துணைவி எங்கிருந்து வந்தாள் என்று கேட்டே ஆக வேண்டும். அவள் கிரியோலாக இருக்கலாம், பிரெஞ்சுக் காலத்து இந்தியக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்ணாக இருக்கலாம், கல்கத்தாக் கப்பலில் வந்தவளாகவும் இருக்கலாம். குடும்பப் பெயர் ஆண்வழியில் மட்டும் ஓடுவதால், பெயரைப் பின்தொடர்பவர் பாதி முன்னோரைத் தொலைத்துவிடுவார். பூட்டன் பூட்டி எண்மருக்கும் தனித்தனித் தாள் போடுங்கள்.

கணக்கெடுப்புச் சொற்களும் சமையலறைச் சொற்களும்

காலனி ஆட்சிக் கணக்கெடுப்புகள் மக்களைப் பொதுமக்கள், இந்தியர், சீனர் என்று பிரித்தன. 1968-இல் விடுதலை பெற்ற நாட்டின் அரசமைப்போ இந்து, முஸ்லிம், சீன மொரீசியர் என மூன்று சமூகங்களைச் சொல்லி, வாழ்க்கை முறையால் இவற்றில் சேராதவர் எனத் தோன்றுவோரை எல்லாம் 'பொதுமக்கள்' என்று நான்காவதாக வைத்தது. வெள்ளைத் தோட்ட உரிமையாளரும், அவர் பாட்டன் வைத்திருந்த அடிமையின் பேரனும் அந்த ஒரே பெயருக்குள் இருக்கின்றனர். தமிழர் 'இந்து' என்பதற்குள் அடங்கினர். கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பமோ பொதுமக்களில் கரைந்தது. 1972-க்குப் பிறகு கணக்கெடுப்பில் சமூகம் கேட்கப்படுவதில்லை. அந்தப் பழைய விடைகளை வைத்தே தேர்தலில் 'சிறந்த தோல்வியாளர்' இடங்கள், அதாவது சமூகச் சமநிலைக்காகத் தோற்ற வேட்பாளர் சிலருக்குத் தரும் கூடுதல் இடங்கள், இன்னும் பங்கிடப்படுகின்றன. எனவே உங்கள் உறவினர் 'பொதுமக்கள்' பட்டியலில் இருந்தால் அது வேரைப் பற்றிய செய்தி அன்று, மதத்தையும் வாழ்க்கை முறையையும் பற்றியது.

மொழியையும் சாட்சியாக அழைக்கலாம். தீர்ப்பை மட்டும் அதனிடம் விடாதீர்கள். முருங்கைக்கீரை கிரியோலில் 'பிரெத் முரும்', பீர்க்கங்காய் 'பிபங்காய்'. இச்சொற்கள் அண்டைப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலும் வழங்குவதால் பிரெஞ்சுக் காலத்திலேயே புகுந்தவை என்று வாதிடலாம். ஆனால் ரெயூனியனுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்க் கூலிகள் சென்றிருப்பதால் அந்த வாதம் முழுமை பெறாது.

கண்டறிந்ததை எழுதும்போது, ஆவணத்தில் கண்டதை மையாலும், வீட்டில் கேட்டதைப் பென்சிலாலும் எழுதுங்கள். என் தாளில் எண்மரில் நால்வர் சென்னைக் கப்பல்களில் வந்த தமிழர். ஒருவர் விசாகப்பட்டின மாவட்டத்துத் தெலுங்கர். ஒருத்தி கல்கத்தாவில் ஏறியவள். ஒருத்தியின் குடும்பம் பாம்ப்ளமூஸ் பங்கேட்டில் போய் நிற்கிறது, அதற்கு அப்பால் எண்ணும் இல்லை, ஊரும் இல்லை. எட்டாவது தாளில் ஒரு பெயர் மட்டும் பென்சிலில் இருக்கிறது.